ஒட்டுப்போட்ட டயரை நம்பலாமா?

நேயர்களுக்கு வணக்கம். பஞ்சர் ஒட்டிய மறுநாள் காலையில், பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் புறப்படுபவருக்கு, வழியில் இந்த ஸ்கூட்டர் காற்றை இறக்கிவிடுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அதைத் தீர்க்கக் கடைக்காரரின் வாய்மொழி போதாது. துளை எங்கே விழுந்தது, எப்படி அடைக்கப்பட்டது, அதன்பின் காற்று எவ்வளவு நிற்கிறது என்ற மூன்றையும் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

டியூப் உள்ள வண்டிகளில் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுவார்கள். தடவிய சொல்யூஷன் சற்று உலர்ந்து பிசுபிசுப்பாகும் வரை பொறுக்காமல் ஈரத்தோடு ஒட்டினால், அந்த ஒட்டு விரைவில் பிரியும். டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, குத்திய முள் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். இல்லையென்றால் அதே முள் அதே டியூபை மறுபடியும் குத்தும்.

டியூப்லெஸ் டயரில் சங்கதி வேறு. ஆணி ஏறினாலும் ரப்பர் அதை இறுகப் பற்றிக்கொள்வதால் காற்று மெதுவாகவே இறங்கும். எனவே வழியில் ஆணியைப் பிடுங்கிவிடாமல், காற்று இருக்கும்போதே கடைக்கு மெல்ல ஓட்டிச் செல்வது நல்லது. அங்கே பெரும்பாலும் டயரைக் கழற்றாமலே துளையை அரம் போன்ற ஊசியால் அராவி, பசை பூசிய ரப்பர் திரியை வெளியிலிருந்து செருகுவார்கள். தரையில் படும் நடுப்பகுதியில் விழுந்த சிறு ஆணித் துளைக்கு இந்த அடைப்பு பல மாதங்கள் தாங்கக்கூடியதுதான். ஆயினும் டயரின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை இம்முறை காட்டாது. காற்றில்லாமல் வெகுதூரம் ஓடிய டயரின் பக்கச்சுவர், ரிம்முக்கும் சாலைக்கும் இடையே நசுங்கி உட்புறம் சிதைந்திருக்கலாம். வெளியே ஒரு கீறலும் தெரியாது. அத்தகைய டயரைக் கழற்றி உட்புறம் பார்த்து, ரப்பர் தூளாக உதிர்ந்திருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். கழற்றிய டயர் நல்ல நிலையில் இருந்தால், துளையை அடைத்து உள்ளிருந்து ஒட்டும் ஒட்டே உறுதியானது. பக்கச்சுவரில் விழுந்த துளைக்கோ எந்த ஒட்டும் தகாது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்கி விரிவதால் அடைப்பு தளர்ந்துகொண்டே இருக்கும்.

கடையை விட்டுக் கிளம்புமுன் அடைத்த இடத்தில் மட்டுமன்றி, வால்விலும் ரிம் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். (வால்வில் எச்சில் தொட்டு வைக்கும் பழைய வழக்கமும் சரியான சோதனையே.) திரியின் மேல் பழி விழுந்த பல கசிவுகள் உண்மையில் வால்வு ஊசியிலோ துருவேறிய ரிம்மிலோ இருந்து வருபவை.

வீட்டில் செய்ய வேண்டியது, வண்டியை எடுக்குமுன் டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அளவுமானி வைத்துக் காற்றழுத்தத்தைப் பார்ப்பது. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித் தெரியும் என்பதால் மாலை அளவோடு காலை அளவை ஒப்பிடக் கூடாது. சில நாட்கள் காலை அளவு மாறாமல் நின்றால் அந்த டயரில் பின்னிருக்கையிலும் ஆள் ஏற்றலாம். ஒரே இரவில் நான்கைந்து பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) குறைந்தால் கசிவு இருக்கிறது. கசிவு திரி செருகிய துளையில்தான் என்று தெரிந்தால், அதே துளையில் இன்னொரு திரி செருகச் சம்மதிக்காமல், டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.