பொம்மை யார்கிட்ட இருக்கு?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, ஏசி மக்கர் பண்ணியும் எழுந்து போகாத சான் அன்டோனியோ தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிடறேன். எதிரணி பேசி முடிச்சதுல பாதிப் பேருக்கு மறந்திருக்கும். மெக்சிகப் பண்டிகைகளைப் பிள்ளைங்க மனசுல பதிய வைக்கிறது கொண்டாட்டமா, இருமொழிக் கதையா? நான் கதைப் பக்கம். ஒரு பக்கம் ஸ்பானிஷ், ஒரு பக்கம் ஆங்கிலம்னு நம்ம பிள்ளைங்க ஸ்கூல் பையில தூக்கிட்டு வருதே, அந்தக் கதை.

பின்யாட்டான்னா, மிட்டாய் அடைச்சுத் தொங்கவிட்டு, கம்பால அடிச்சு உடைக்கிற கூடு. அதை வெச்சு எதிரணித் தலைவர் ஒரு குத்து விட்டார். "அம்மா, புத்தகத்துல இருக்கிற பின்யாட்டாவை அடிச்சா தாள்தான் கிழியும், மிட்டாய் விழாது!" எல்லாரும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன், நல்லாத்தானே இருந்துச்சு! ஆனா ஐயா, பின்யாட்டாவை எப்படி அடிப்பாங்க? கண்ணைக் கட்டிக்கிட்டு. இன்னிக்கு நீங்க பேசின மாதிரியே.

டிசம்பர் 16ல இருந்து 24 வரைக்கும் ஒன்பது ராத்திரி, போசாதா. நிறைமாசக் கர்ப்பிணி மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடி அலைஞ்சதைத் தெருவே சேர்ந்து நடிச்சுக் காட்டும். வெளியில ஒரு கூட்டம் கதவைத் தட்டி இடம் கேட்டுப் பாடும். உள்ளே இருக்கிறவங்க பாட்டாலேயே விரட்டுவாங்க. கடைசியில கதவு திறக்கும். அப்புறம்தான் பின்யாட்டா. அந்தக் காலத்து பின்யாட்டா நட்சத்திரம் மாதிரி ஏழு கொம்போட இருக்கும். பொறாமை, பேராசை, கோபம்னு கொம்புக்கு ஒரு பாவம். கண்ணுல கட்டின துணி விசுவாசம், கொட்டுற மிட்டாய் அருள். மெக்சிகோ நகரத்துக்கு வடகிழக்கே அகோல்மான் மடத்துல 1587 வாக்குல அகஸ்தீன் சபைத் துறவிங்க ஆரம்பிச்சு வெச்ச பழக்கம்னு சொல்லுவாங்க. நம்ம வீட்டுப் பிறந்தநாள்ல என்ன நடக்குது? யூனிகார்னைத் தொங்கவிட்டு அடிக்கிறோம். அந்த யூனிகார்ன் என்ன பாவம் பண்ணுச்சு, நடுவர் அவர்களே?

கதை தெரியாம கொண்டாடப் போனா என்ன ஆகும்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரருக்கு ஆனது ஆகும்!

ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்கள் திருநாள். பக்கத்து வீட்டு மெக்சிகக் குடும்பம் எங்களைக் கூப்பிட்டிருந்தாங்க. நடு மேஜையில ரோஸ்கா. வளையமா பெரிய ரொட்டி, மேல கலர் கலரா சர்க்கரையில ஊறின பழத்துண்டு. ஆளாளுக்குக் கத்தியைக் கொடுத்து, அவங்கவங்க துண்டை அவங்களே வெட்டச் சொல்றாங்க. இவர் வெட்டி வாயில வெக்கிறார். பல்லுல ஏதோ 'டக்'குனு படுது. எடுத்துப் பார்த்தா, கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குழந்தை!

வேற யாரா இருந்தாலும் கத்தியிருப்பாங்க. இவர் பண்பாளர். 'பாவம், மாவு பிசையும்போது குழந்தைங்க பொம்மை உள்ளே விழுந்திருக்கு, சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க'ன்னு நினைச்சு, சத்தமில்லாம சட்டைப் பையில போட்டுட்டார்.

ரொட்டி தீர்ந்துச்சு. பொம்மை வரலை. அந்த வீட்டுப் பாட்டி, அபுவேலான்னுதான் நாங்களும் கூப்பிடுவோம், எல்லார் மூஞ்சியையும் ஒரு சுத்துப் பார்த்தாங்க. தட்டுல மிச்சமிருந்த துணுக்கையெல்லாம் கிளறச் சொன்னாங்க. ம்ஹூம். உடனே சந்தேகம் அந்த வீட்டு மாமா மேல. "போன வருஷமும் இவன்தான் முழுங்கினான்!" மாமா மாதா மேல சத்தியம் பண்றார். பிள்ளைங்க மேஜைக்கு அடியில தவழுது. நடுவர் அவர்களே, என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து தேடறார்! மொபைல் டார்ச் போட்டு, சோபா குஷனைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்! எதைத் தேடறாங்கன்னே தெரியாது, ஆனா உதவி பண்றாராம்.

அப்போ என் பொண்ணு, இரண்டாம் வகுப்பு, குனிஞ்சு நிக்கிற அப்பாவோட சட்டைப் பையைப் பார்க்கிறா. ஒரு குட்டிக் கால் வெளியில நீட்டிக்கிட்டிருக்கு.

அவ ஸ்பானிஷ்ல என்ன சொன்னாளோ, வீடே அதிர்ந்துச்சு. அபுவேலா அப்படியே கைதட்டறாங்க. என்கிட்ட வந்து தமிழ்ல சொன்னா: "அம்மா, கொல்லத் தேடின ஏரோது ராஜாகிட்ட இருந்து குழந்தை இயேசுவை ஒளிச்சு வெச்சாங்கல்ல, அதுக்குத்தான் ரொட்டிக்குள்ள பொம்மை. யாருக்குக் கிடைக்குதோ, அவங்கதான் பிப்ரவரி 2ஆம் தேதி எல்லாருக்கும் தமாலே போடணும். அப்பா மாட்டிக்கிட்டார்!"

இதையே எங்க வீட்டுக்காரர் சொல்லிக் கேக்கணும். அதுல பொம்மையை அவரே கையைத் தூக்கிக் காட்டியிருப்பார். முன் வரிசையிலதான் உட்கார்ந்திருக்கார், இப்போ டார்ச் அடிச்சாலும் மூஞ்சி தெரியாது. பிப்ரவரி 2ல மக்காச்சோள மாவைத் தோகையில வெச்சு, கொழுக்கட்டை மாதிரி ஆவியில வேகவெச்சு, தெருவுக்கே போட்டோம். அதிகமா சாப்பிட்டது யாருன்னு நினைக்கிறீங்க? பழி சுமந்த மாமா!

ஐயா, அந்த மேஜையில அப்பா, பொண்ணு ரெண்டு பேருமே கொண்டாட்டத்துலதான் இருந்தாங்க. கதை படிச்சிருந்தது ஒருத்திதான்.

எதிரணித் தோழி இன்னொண்ணு சொன்னாங்க. ரெண்டு மொழியில அச்சடிச்சா, பிள்ளை தனக்குச் சுலபமான பக்கத்தைப் படிச்சிட்டு மத்ததைத் தாண்டிடும்னு. உண்மைதான். என் பொண்ணும் தாண்டுவா. ஒத்துக்கறேன். ஆனா தாண்டின பக்கம் எங்கே போகுதுன்னு பார்த்தீங்களா?

என் பொண்ணு ஸ்கூல்ல இருந்து தூக்கிட்டு வந்த அந்த இருமொழிக் கதைப் புத்தகத்தை ஒரு நாள் அபுவேலா வாங்கிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் புரட்டிட்டு, "இது பள்ளிக்கூடத்துலயே கொடுத்ததா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னா பொண்ணு. நம்பலை. உள் அட்டையில இருக்கிற நூலக முத்திரையை விரலால தடவிப் பார்த்தாங்க. 

ஏன் தெரியுமா? இதே டெக்சாஸ்ல 1918ல ஒரு சட்டம் போட்டாங்க. அரசுப் பள்ளியில ஆங்கிலம் தவிர வேற மொழியில பாடம் நடத்தினா ஆசிரியர் மேலேயே குற்றம். 1969லதான் அதை எடுத்தாங்க. 1973லதான் இருமொழிக் கல்விக்குன்னு சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி படிச்சவங்க இவங்க. விளையாட்டு மைதானத்துல தோழியை ஸ்பானிஷ்ல கூப்பிட்டதுக்கு அடி வாங்கினேன்னு உள்ளங்கையை விரிச்சுக் காட்டினாங்க. அந்தப் பயத்துல தன் பிள்ளைங்களுக்கு ஸ்பானிஷே சொல்லித் தரலையாம். மகன் புரிஞ்சுக்குவான், பேச மாட்டான். பேத்திக்குப் புரியவும் புரியாது. வருஷா வருஷம் ஒரே ரோஸ்காவைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க, பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவுல மனசு விட்டுப் பேச்சு கிடையாது.

அன்னிக்கு அந்தப் பேத்தி ஆங்கிலப் பக்கத்தை வாசிச்சா. அவ தாண்டின பக்கத்தை அபுவேலா வாசிச்சாங்க. எந்தப் பள்ளிக்கூடம் அவங்க வாயை மூடுச்சோ, அந்தப் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு, கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு, சத்தமா. நடுவுல நிறுத்தி, இந்த ராஜாக்கள் பரிசோட வர்ற ராத்திரி நான் ஷூவைக் கதவுகிட்ட வெச்சிட்டுத் தூங்குவேன்னு தன் சின்ன வயசைச் சொல்ல ஆரம்பிச்சாங்க. என் பொண்ணுதான் மொழிபெயர்ப்பு. மதுரையில பிறந்தவ வயித்துல பிறந்த பொண்ணு, மெக்சிகப் பாட்டிக்கும் அவங்க பேத்திக்கும் நடுவுல உட்கார்ந்து பேச வெக்கிறா, ஐயா! இதுக்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்னு நடுவர் கேட்டா, எனக்கு பதில் தெரியாது. நான் அழுதேன், அவ்வளவுதான் தெரியும்.

புத்தகத்தை இன்னும் அபுவேலா திருப்பிக் கொடுக்கலை. நூலகத்துல இருந்து நினைவூட்டல் மேல நினைவூட்டல் வருது. தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிப் பணத்தைக் கட்டிடறேன்னு முடிவு பண்ணியிருக்கேன். மணி அடிச்சுட்டீங்க, உட்கார்ந்துடறேன். வணக்கம்.