இரண்டு கத்தி, ஒரு தொப்பி, ஒரு தலை

வணக்கம் மக்களே. பழைய ரோம் காசு வந்தேவிட்டது! விலை 180 ரூபாய், அனுப்புகிற செலவு 140 ரூபாய். நியாயமா? செருப்பு டப்பா அளவுக்குப் பெட்டி, உள்ளே பழைய பேப்பர், அதற்குள் கோட்டுப் பொத்தான் அளவில் இது. நகல்தான், அசல் என்றால் வீட்டை விற்றாலும் கட்டாது. 140 ரூபாய்! சரி, விடுங்கள்.

கேமராவில் தெரிகிறதா? இரண்டு கத்தி, நடுவில் விடுதலையான அடிமை போடும் தொப்பி, கீழே மார்ச் 15. ரோமைத் தன் ஒரே கைக்குள் கொண்டுவந்த சீசரைக் குத்திக் கொன்ற நாள். ராஜா இல்லாத ஆட்சியை, அதாவது குடியரசைக் காப்பாற்றிய பெருமையில், குத்தியவர்களில் ஒருவரான புரூட்டஸ் அடித்த காசு. இப்போது திருப்புகிறேன். யார் தலை? புரூட்டஸே!

அட, ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ரோம் நகரக் காசில் உயிரோடு இருப்பவர் முகத்தைப் போடும் வழக்கம் கிடையாது. கி.மு. 44-ல் சீசர்தான் ஆரம்பித்தார். ராஜாவாகப் பார்க்கிறார் என்று அவரைக் கொன்றவரும் இரண்டே வருடத்தில் அதையே செய்கிறார். ஏன்? இது சிப்பாய்க்குக் கொடுக்கும் சம்பளம். படியளப்பவர் யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

ரோம் குடியரசு விழுந்த கதையை 'பேராசைக்கார சீசர், பாவம் குடியரசு' என்று முப்பது நொடியில் முடிக்கும் வீடியோக்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கி.மு. 107-ல் ரோம் தளபதி மாரியஸ் நிலமில்லாதவர்களைப் படையில் சேர்த்தார். சண்டை முடிந்து திரும்புகிறவனுக்குப் பிழைக்க நிலம் வேண்டும். ரோமின் ஆட்சி சபையான செனட் இழுத்தடித்தது, அதில் உட்கார்ந்திருந்தவர்களே பெரிய நிலக்காரர்கள்தானே! அப்புறம் அவன் தளபதியைத்தான் நம்புவான்.

இன்னொரு தளபதி சுல்லா பற்றிய என் வீடியோ நினைவிருக்கிறதா? கி.மு. 88-ல் ரோம் மேலேயே படையைத் திருப்பினார். ஒருவரைத் தவிர அவருடைய படை அதிகாரிகள் எல்லோரும் கழன்றுகொண்டார்கள். சிப்பாய்கள் போனார்கள், கிழக்கே நடக்கவிருந்த போரில் கிடைக்கப்போகும் கொள்ளை வேறு ஆளுக்குப் போய்விடக் கூடாது என்று. என்னைக் கேட்டால் குடியரசு அன்றைக்கே போய்விட்டது. சீசர் ரோம் மேல் படையோடு ரூபிகான் ஆற்றைத் தாண்டியது அதற்கு 39 வருடம் கழித்து!

சிப்பாயின் பிழைப்புப் பிரச்சினையைக் கடைசியில் தீர்த்துவைத்தது யார்? பேரரசர் அகஸ்டஸ். கி.பி. 6-ல் படைக்கென்று தனிக் கருவூலம், ஓய்வு பெறும் சிப்பாய்க்கு 12,000 செஸ்டர்ஸ் என்னும் ரோம் காசு. அதற்காக 5 சதவீத வாரிசு வரி போட்டார். செனட்காரர்கள் அதற்கும் முணுமுணுத்தார்கள்!

பெட்டியைத் திருப்பி அனுப்பிச் சண்டை போடலாம் என்று பார்த்தேன். நம் பூனை கறுப்பி உள்ளே படுத்துத் தூங்கிவிட்டாள். 140 ரூபாய் மெத்தை.