உப்புத்தாளில் எழுதிய எழுத்துகள்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மனம் வைத்தால் முடியாதது எதுவும் இல்லை என்று பிள்ளைகளிடம் ஒருமுறையாவது சொல்லாத பெற்றோர் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். தேர்வுக்கு முந்தைய இரவிலும் போட்டியில் தோற்றுத் திரும்பிய மாலையிலும் நம் வாயில் தானாக வந்து நிற்கும் பேச்சு அது. பிள்ளைகள் அதை மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் நம்புகிறார்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வேன். அதை நம்ப வேண்டுமானால் பிள்ளையின் நினைவில் அதற்கு ஒரு சான்று இருக்க வேண்டும். நடக்காது என்று ஊரே சொன்ன ஒன்றைத் தன் தாயோ தந்தையோ தன்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பார்த்த ஒரு நாளாவது அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட நாள்களை ஒரு மகனுக்குச் சேர்த்துக் கொடுத்த, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹாய்ட் குடும்பத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இவர்களை உங்களில் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியில் மகன். அதைத் தள்ளிக்கொண்டு மாரத்தான் ஓடும் தந்தை. பின்னணியில் உருக்கமான இசை. இரண்டு நிமிடத்தில் கண் கலங்கிவிடும். மூன்றாம் நிமிடத்தில் வேறொன்றைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தக் காட்சிகளில் தாய் பெரும்பாலும் தெரிவதில்லை. தந்தை ஓடத் தொடங்கியபோது மகனுக்கு வயது 15. அதற்கு முன் நடந்தவைதான் நம்மைப் போன்ற பெற்றோருக்கு அதிகம் பயன்படும் என்பதால், அங்கே சற்று நின்று பேசுகிறேன்.

1962 ஜனவரியில் டிக், ஜூடி இணையருக்கு மூத்த மகனாக ரிக் பிறந்தான். பிறக்கும்போது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றிக்கொண்டதில் மூளைக்கு ஆக்சிஜன் போவது தடைப்பட்டது. அதன் விளைவு பெருமூளை வாதம். கைகால்கள் அவன் சொன்னபடி கேட்காது, பேச்சும் வராது. இந்தக் குழந்தையால் எதையும் உணர முடியாது, ஏதாவது ஒரு காப்பகத்தில் சேர்த்துவிட்டு மறந்துவிடுங்கள் என்பதே அன்றைய மருத்துவர்களின் அறிவுரை. அக்காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்பட்ட அறிவுரைதான் அது. பெற்றோர் இருவரும் மகனை வீட்டுக்கு எடுத்து வந்தார்கள். வீட்டில் அவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: இவர்கள் அறைக்குள் எங்கு நடந்தாலும் குழந்தையின் கண்கள் அங்கெல்லாம் தொடர்ந்து வந்தன. அதன்பிறகு மகனுக்கு எல்லாம் புரிகிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றினார்கள், நீரில் இறக்கினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு என்னென்ன உண்டோ அவையெல்லாம் இவனுக்கும் உண்டு என்று வைத்துக்கொண்டார்கள்.

ஜூடி செய்த வேலை இதைவிடக் கடினமானது. எழுத்துகளை உப்புத்தாளில் செய்து, அவற்றைக் கொண்டு நாள்தோறும் மணிக்கணக்கில் மகனுக்கு அகரவரிசை கற்றுக்கொடுத்தார். வீட்டிலிருந்த ஒவ்வொரு பொருளின் மேலும் அதன் பெயரை எழுதி ஒட்டினார். நம் பிள்ளைகள் 'அ' என்றால் 'அம்மா' என்று திருப்பிச் சொல்வார்கள். அந்த மழலைக்காகவே நாமும் அடுத்த எழுத்துக்குப் போவோம். ஜூடிக்குத் திரும்பி வரும் சொல் ஒன்றுகூட இல்லை. தலையசைப்பும் சிரிப்பும் கண்ணின் ஓட்டமும் மட்டுமே பதில். தான் கற்பித்தது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பதை மகன் சொற்களில் சொல்லக் கேட்காமலே ஒரு தாய் பத்தாண்டுகள் வரை பாடம் நடத்தியிருக்கிறார். மாரத்தான் ஓட்டத்துக்குக் கைதட்டும் நாம் இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறியாளர்களிடம் இந்தப் பெற்றோர் போனார்கள். மகன் தன் எண்ணத்தை வெளியிட ஒரு கருவி செய்ய முடியுமா என்று கேட்டார்கள். அவன் மூளையில் எதுவும் நடக்கவில்லையே, கருவி எதற்கு என்ற பதில் வந்தபோது, "அவனிடம் ஒரு நகைச்சுவை சொல்லிப் பாருங்கள்" என்றார் டிக். சொன்னார்கள்; ரிக் விழுந்து விழுந்து சிரித்தான். சோதனை அத்துடன் முடிந்தது. கருவிக்கான 5,000 டாலரைக் குடும்பம் திரட்டியது. 1972-இல் அது வீட்டுக்கு வந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது ரிக் தலையின் பக்கவாட்டால் ஒரு விசையை அழுத்த வேண்டும். முதலில் அம்மாவை அழைப்பானா, அப்பாவை அழைப்பானா என்று வீட்டில் எல்லோரும் காத்திருக்க, அவன் எழுதியதோ "கோ புரூயின்ஸ்" என்பது. அந்த ஆண்டு பாஸ்டன் நகரின் ஐஸ் ஹாக்கி அணியான புரூயின்ஸ் ஸ்டான்லி கோப்பையின் இறுதிப் போட்டிக்கு வந்திருந்தது. அந்த அணிக்கான வாழ்த்து அது. பெற்றோருக்கு நன்றி சொல்லி அவன் தொடங்காதது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் பார்த்த ஆட்டத்தை அவனும் பார்த்திருக்கிறான். எல்லோருக்கும் இருந்த கவலை அவனுக்கும் இருந்திருக்கிறது. அந்த வீடு அவனை நோயாளியாக ஓரத்தில் வைக்காமல், வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனாக வளர்த்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கருவி வந்தும் பள்ளிக்கூடம் கதவைத் திறக்கவில்லை. நடக்காத, பேசாத பிள்ளையை எப்படிச் சேர்ப்பது என்று தயங்கினார்கள். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளியில் கல்வி தர வேண்டும் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 1972-இல் 'சாப்டர் 766' என்ற சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்துப் போராடிய பெற்றோரில் ஜூடியும் ஒருவர். 1975-இல், தன் 13-ஆம் வயதில், ரிக் பொதுப்பள்ளிக்குப் போனான். அதே ஆண்டில் அமெரிக்க ஒன்றிய அரசும் நாடு முழுமைக்கும் அத்தகைய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பெற்றோரின் அன்பு மட்டும் அந்தப் பிள்ளையை வகுப்பறைவரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அன்புக்குத் துணையாக ஒரு கருவியும் ஒரு சட்டமும் தேவைப்பட்டன. அந்த இரண்டுக்காகவும் பெற்றோர் பிறர் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது.

இனி நீங்கள் அறிந்த பகுதி. 1977-இல், விபத்தில் உடல் செயலிழந்த ஒரு விளையாட்டு வீரருக்காக ஐந்து மைல் நிதி ஓட்டம் நடந்தது. தானும் அதில் கலந்துகொள்ள வேண்டும் என்று ரிக் தந்தையிடம் சொன்னான். நன்றாகக் கவனியுங்கள், கேட்டவன் மகன். விமானப்படையின் தேசியக் காவல் பிரிவில் பணியாற்றிய டிக், நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஓட்டப்பந்தய வீரர் அல்லர். ஓடுவதற்கென்று செய்யப்படாத சாதாரணச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, கடைசிக்கு முந்தைய இடத்தில் ஓடி முடித்தார். அன்றிரவு ரிக் கருவியில் எழுதினான்: ஓடும்போது எனக்கு ஊனம் இருப்பதாகவே தோன்றவில்லை, அப்பா. அதன்பிறகு டிக் நிற்கவில்லை. மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில், நாற்காலியில் சிமெண்ட் மூட்டையை வைத்துத் தள்ளிப் பழகினார். பாஸ்டன் மாரத்தானில் முதலில் இவர்களை முறையான போட்டியாளர்களாக ஏற்கவில்லை. பிறகு, மகனுடைய வயதுப் பிரிவுக்கு உரிய நேரத்துக்குள் ஓடிக் காட்டச் சொன்னார்கள். அதாவது நாற்பது கடந்த தந்தை இருபதுகளில் இருப்பவரின் வேகத்தில், நாற்காலியையும் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். 1983-இல் வாஷிங்டன் நகரில் நடந்த மரைன் கோர் மாரத்தானில் 2 மணி 45 நிமிடத்தில் ஓடித் தகுதி பெற்றார்கள். நீச்சலும் சைக்கிளும் சேர்ந்த டிரையத்லான் போட்டிக்கு அழைப்பு வந்தபோது டிக்கிற்கு நீந்தவே தெரியாது, கற்றுக்கொண்டார். மகன் படுத்திருக்கும் ரப்பர் படகைக் கயிற்றால் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு நீந்தினார். மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போட்டிகள். அவற்றில் 32 முறை பாஸ்டன் மாரத்தான். 1992-இல் 45 நாள்களில் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, 3,735 மைல். எண்களை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் சிலவற்றையும் சொல்வதுதான் நேர்மை. ரிக் ஒருநாளும் எழுந்து நடக்கவில்லை. தன் குரலில் ஒரு சொல்லும் பேசவில்லை. டிக், ஜூடி இருவரின் மணவாழ்க்கையும் நீடிக்கவில்லை. நினைத்ததெல்லாம் கைகூடிவிட்ட கதை அல்ல இது. எது முடியாது என்பதை அந்தப் பெற்றோர் மறைக்கவில்லை. அதைக் காரணம் காட்டி மற்றவற்றையும் கைவிட மறுத்தார்கள், அவ்வளவுதான். ரிக் 1993-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்வியில் பட்டம் பெற்றார். உதவியாளர்களின் துணையுடன் தனி வீட்டில் வாழ்ந்தார். என் கணக்கில் அந்தப் பட்டம் ஆயிரம் ஓட்டங்களுக்கும் மேலானது. தந்தைக்கு நீங்கள் என்ன கொடுக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, ஒரே ஒருமுறை அவரை இந்த நாற்காலியில் உட்கார வைத்து நான் தள்ள வேண்டும் என்று ரிக் சொல்லியிருக்கிறார். நடக்காத ஆசை என்று தெரிந்தேதான் சொன்னார். தந்தை கொடுத்ததன் எடை என்ன என்று மகனுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

2003-இல் டிக்கிற்கு மாரடைப்பு வந்தது. இவ்வளவு ஓடி உடம்பை வைத்திருக்காவிட்டால் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருப்பீர்கள் என்று மருத்துவர் ஒருவர் அவரிடம் சொன்னதாகப் பதிவுகள் உண்டு. தந்தை மகனைத் தள்ளிக்கொண்டு போனார் என்றே நாம் சொல்கிறோம். யார் யாரை இழுத்துச் சென்றார்கள் என்பது அவ்வளவு எளிதில் தீர்கிற கணக்கு அல்ல. டிக் 2021-லும் ரிக் 2023-லும் காலமானார்கள்; ஜூடி அவர்களுக்கு முன்பே, 2010-இல் மறைந்துவிட்டார்.

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும் என்று சிலர் நினைக்கலாம். சாப்டர் 766 இயற்றப்பட்ட அதே 1972-இல், மும்பையில் மிது அலூர் என்ற தாய், பெருமூளை வாதத்துடன் பிறந்த தன் மகள் மாலினிக்கு ஏற்ற பள்ளி நாட்டில் இல்லை என்பதால் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்த மகள் பின்னாளில் லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். நம் சென்னையில் இன்று வித்யா சாகர் என்று அறியப்படும் நிறுவனத்தை 1985-இல் தொடங்கிய பூனம் நடராஜனும் அத்தகைய ஒரு மகனின் தாய்தான். பள்ளி இல்லை என்றால் பள்ளியை உண்டாக்கிய பெண்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

நிறைவாக, நடைமுறைச் செய்தி ஒன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 16-ஆம் பிரிவில் சொல்கிறது. குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, வீட்டருகே உள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை 31-ஆம் பிரிவு தருகிறது. சேர்க்கைக்குப் போகும்போது மருத்துவச் சான்றுகளுடன் இந்த இரண்டு பிரிவுகளின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். இடம் இல்லை என்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அம்மாவும் அப்பாவும் தனக்காக வாதாடுவதை அது பார்க்கட்டும். இங்கே வந்திருப்பவர்களில் யாருக்கேனும் இது தொடர்பாகக் கேட்க வேண்டியது இருந்தால், கூட்டம் முடிந்தபின் நான் இங்கேதான் இருப்பேன். நன்றி, வணக்கம்.