ஒரே தண்ணீர், அங்கே பச்சை, இங்கே சிவப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

1983-இல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் வந்த கிராமத்தார் சிலருக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்ப்பு, உடம்பெங்கும் மழைத்துளி தெறித்தாற்போலப் புள்ளிகள். அடிபம்புத் தண்ணீரில் இருந்த ஆர்சனிக் என்ற நஞ்சுதான் காரணம். 1987-க்குள் வங்கதேசத்திலிருந்து வந்த சிலரிடமும் அதே புள்ளிகள் தென்பட்டுவிட்டன. ஆனால் அந்நாட்டுக் கிணற்று நீரில் ஆர்சனிக் உறுதியானது 1993-இல். இடையில் ஆறு வருஷம். அதற்குள் புதுப் பம்புகள் இறங்கிக்கொண்டே இருந்தன.

கங்கை, பிரம்மபுத்திரா வண்டலில் இரும்புத் துருவோடு ஒட்டிக் கிடக்கிறது ஆர்சனிக். காற்றில்லாத நிலத்தடியில் நுண்ணுயிர்கள் துருவைக் கரைக்க, அது நீரில் இறங்குகிறது. நிறமுமில்லை, வாடையுமில்லை.

இரு நாட்டு ஆய்வாளர்கள் கைகோக்கும்போது முதலில் இடறுவது தண்ணீர் பிடிக்கும் புட்டியில். குழாயில் தேங்கிய நீர் போகும்வரை அடித்துவிட்டே பிடிக்க வேண்டும். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அங்கேயே சில சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். விடாவிட்டால் காற்றுப்பட்ட இரும்பு செம்படிவாகி, ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு அடியில் உட்காரும். தெளிந்த நீரை அளந்தால் குறைவாகக் காட்டும். ஒரு குழு அமிலம் விட்டு, மற்றது விடாமல் அளந்தால் இரண்டு பட்டியலையும் சேர்த்து வரைபடம் போடுவது வீண். ஒரே நீரைப் பகிர்ந்து இரு ஆய்வகத்துக்கும் அனுப்பி, எண்கள் ஒத்துவருகின்றனவா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

கிராமத்தில் செய்யும் சோதனையில் துத்தநாகத் தூளும் அமிலமும் சேர்ந்து நீரிலுள்ள ஆர்சனிக்கை ஆர்சின் என்ற வாயுவாக எழுப்பும். அது பட்டுப் பாதரச புரோமைடு தாள் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். அவசரப்பட்டுத் தாளை முன்கூட்டியே எடுத்தால் கெட்ட கிணறும் தேறிவிடும். அழுகிய முட்டை வாடையடிக்கும் நீரிலோ ஹைட்ரஜன் சல்பைடும் தாளைக் கறையாக்கும். அதைத் தடுக்கத்தான் லெட் அசிடேட்டில் நனைத்த பஞ்சு.

வங்கதேசத்தில் 2000 முதல் 2003 வரை சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, வரம்பைத் தாண்டிய பம்புக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள். அங்கே வரம்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். இந்தியாவில் இன்று 10. 30 உள்ள நீர் அங்கே பச்சை, இங்கே சிவப்பு! ஆகவே எல்லை தாண்டிப் பகிர வேண்டியது நிறமல்ல, எண்.

கூடவே ஆழமும். பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகமும் வங்கதேச அரசும் சேர்ந்து எடுத்த கணக்கில், 150 மீட்டருக்கு உட்பட்ட கிணறுகளில் 27 சதவீதம் அந்நாட்டின் 50 என்ற வரம்பைத் தாண்டின. அதைவிட ஆழமானவற்றில் சுமார் 1 சதவீதமே. ஆனால் ஆழக்கிணற்றில் குழாயைச் சுற்றிய இடைவெளியைக் களிமண்ணால் அடைக்காவிட்டால், மேல்நீர் அதன் வழியே இறங்கிவிடும். எத்தனை பைப் இறங்கியது, எங்கே அடைத்தது என்பதெல்லாம் பெரும்பாலும் போர் போட்ட மேஸ்திரியின் நினைவில்தான் இருக்கிறது. அவரிடம் கேட்டு எழுத ஒரு பத்தியைச் சோதனைப் படிவத்தில் இரு நாடுகளும் ஒதுக்க வேண்டும்.

வணக்கம்.