சித்தா பிரிவுக்கு ஒரு நோட்டு வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். அறுவடை நேரத்தில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சித்தாவுக்கு அரசுப் பணம் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் பாட்டன் பூட்டன் வைத்தியம் என்பதற்காக மட்டும் கொடுக்கக் கூடாது.

என் அப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒருவர் கொடுத்த சூரணத்தை எட்டு மாதம் சாப்பிட்டார். காலில் புண் வந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்கும்படி ஆகிவிட்டது. அதில் என்ன சரக்கு இருந்தது, அவருக்கு முன்னால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு என்ன ஆனது, எதற்குமே பதில் இல்லை. எழுதி வைத்தால்தானே இருக்கும்!

எழுதி வைப்பதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம் என்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் நாம் அப்படிச் சொல்லலாமா? 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் தன்வந்திரி மகால் நடத்தினார், நம் வைத்தியமும் ஐரோப்பிய வைத்தியமும் அங்கே சேர்ந்தே நடந்தன. கண் நோயாளிகளின் விவரத்தை எழுதி, கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்தார்கள். அந்தத் தாள்கள் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

வேதாரண்யம் பக்கம் செங்காந்தள் போடுகிறார்களே, அந்தக் கிழங்கைத் தின்றால் ஆளே போய்விடும். ஆனால் அதில் இருக்கிற கோல்ச்சிசின்தான் கவுட் என்கிற மூட்டு வலிக்கு ஆங்கில மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை. எந்த அளவு மருந்து, எந்த அளவு விஷம் என்று அளந்து பார்த்துவிட்டதால் அங்கே யாருக்கும் சண்டை இல்லை.

2012இல் டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள், ஒன்பது சரக்குக் கசாயம், நானும் குடித்தேன். குடித்தவர்களுக்கு எத்தனை நாளில் காய்ச்சல் விட்டது, குடிக்காதவர்களுக்கு எத்தனை நாள் ஆனது என்று நம் ஊரில் ஒருவரும் குறித்து வைக்கவில்லை. அத்தனை பேர் குடித்தும் நமக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, கேட்பது இதுதான். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆங்கில மருத்துவருக்கும் சித்தா மருத்துவருக்கும் ஒரே நோட்டு. சர்க்கரை அளவு, கொடுத்த மருந்து, மூன்று மாதம் கழித்து என்ன ஆனது, எல்லாம் அதில் ஏற வேண்டும். ஒருவர் கொடுத்ததை மற்றவர் பார்க்க வேண்டும். பலன் தெரிகிற மருந்துக்குக் கூடுதலாகவே பணம் கேட்போம், தெரியாததை நிறுத்தச் சொல்வோம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வைக்கப் போகிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் போகும்போது பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.