ஜன்னலோரத்து மணி பிளான்ட்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள் செடி வளர்ப்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும் என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். நான் அதைச் சொல்லப் போவதில்லை. 1989-இல் வெளிவந்த நாசா ஆய்வை வைத்துப் பரவிய பேச்சு அது. அங்கே செடிகளைச் சிறிய மூடிய பெட்டிகளுக்குள் வைத்துச் சோதித்தார்கள். நம் வீட்டில் ஜன்னலைத் திறந்தாலே கடற்காற்று வந்து பழைய காற்றை வெளியே தள்ளிவிடும். அதற்கு மேல் இரண்டு தொட்டிச் செடிகள் என்ன செய்துவிட முடியும்? தினமும் நின்று பார்க்க ஓர் உயிர் வீட்டுக்குள் இருக்கிறதே, அந்தச் சந்தோஷம் ஒன்றுக்காகவே செடி வளர்க்கலாம்.

மணி பிளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் கடலில், பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் பிறந்த கொடி இது. இன்றைக்குக் கடலூரிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ வீட்டு ஜன்னல்களில் தொங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் விடியற்காலையில் எழுந்து அதன் இலை நுனியைப் பாருங்கள். ஒரு துளி தண்ணீர் தொங்கும். கூரை ஒழுகவில்லை, வீட்டுக்குள் பனியும் பெய்யாது. அது செடிக்குள்ளிருந்தே வந்த தண்ணீர். இரவில், அதுவும் காற்று இவ்வளவு ஈரமாக இருக்கும்போது, இலை வழியாக நீர் ஆவியாகிப் போவது ஏறக்குறைய நின்றுவிடும். வேர் மட்டும் ஈர மண்ணிலிருந்து நீரை இழுத்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மிஞ்சியது இலை நுனியில் உள்ள நுண்துளை வழியாகத் துளியாக வெளியே வருகிறது. கொல்லையில் சேம்பு இருந்தால் அதிலும் பார்க்கலாம். வெயில் ஏறிவிட்டால் காய்ந்துவிடும்.

புது இலை வருவதும் அப்படி நின்று பார்க்க வேண்டியதுதான். பழைய இலையின் காம்பைப் பிளந்துகொண்டு, சுருட்டி வைத்த பாய் போல, இளம்பச்சையில் பளபளவென்று எட்டிப் பார்க்கும். மறுநாள் கொஞ்சம் விரியும். அப்புறம் ஒரு நாள் பார்த்தால் முழு இலை.

வீட்டுச் செடிகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் எப்போதும் தண்ணீரே நின்றால் காற்று எங்கே போகும்? மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள். ஈர மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தேங்குவதையும் கொட்டிவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும்.

தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனிக் கவலை. இலையில் உப்பு படிந்தால் ஓரம் கருகும். அவ்வப்போது ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றலாம்.

எதுவுமே பிழைப்பதில்லை என்பவர்கள் மருள் வைத்துப் பாருங்கள். நம் கிழக்குக் கரைக்குச் சொந்தமான செடி. இதில் நார் எடுத்துக் கயிறு திரித்திருக்கிறார்கள். இதன் ஆப்பிரிக்க உறவைத்தான் பாம்புச் செடி என்று நர்சரியில் வாங்குகிறோம். நான் மருளின் பக்கம்.

வீட்டுச் செடியைப் பார்த்துப் பழகிய கண் வெளியிலும் சும்மா இருக்காது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போனால் தல மரமான பாதிரியின் முன்னும் கால் நிற்கும். 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது. அந்த விவசாயிகளின் துக்கம் வருமானத்துக்காக மட்டும் அல்ல என்பது செடி வளர்ப்பவருக்குச் சொல்லாமலே புரியும்.

சரி, தொடங்குவதற்குக் காசு வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மணி பிளான்ட்டில் ஒரு துண்டு கேளுங்கள். கணுவில் பழுப்பாக ஒரு குட்டி வேர் துருத்திக்கொண்டிருக்கும்; அதற்குச் சற்றுக் கீழே வெட்டச் சொல்லுங்கள். அந்தக் கணு தண்ணீரில் மூழ்கும்படி பாட்டிலில் வைத்து, வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றுங்கள். இலையைக் கடித்தால் வாய் எரியும், அரிக்கும். அதனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.