தாழிக்கு மேலே கண்ணாடி

அன்பர்களே, தாமிரபரணிக் கரையிலுள்ள பழைய இடுகாடான ஆதிச்சநல்லூருக்கு என் அத்தையை அழைத்துப் போயிருந்தேன். தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே ஈமத்தாழிகள், இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள். எல்லோரும் நடந்தார்கள், அத்தை ஓரத்திலேயே நின்றுவிட்டார். "செத்தவர்கள் தலைமேல் எப்படி நடப்பது?" என்றார். ஏதோ சமாதானம் சொன்னேன். எனக்கே அது எடுபடவில்லை.

1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டினார். கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவற்றில் நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள் உண்டு. மெல்லிய நீள்வட்டத் தகடு, முனையில் நூல் கோக்கத் துளை. அந்த நூலை நெற்றியில் முடிந்த கை மகனுடையதோ மனைவியுடையதோ!

சங்கப் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி குயவரிடம் மன்றாடுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிய பல்லி போல அவரோடு வழியெல்லாம் வந்தவள் நான், எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையுங்கள் என்கிறாள். இந்தப் பாட்டை மேடைதோறும் முழங்குகிறோம். குழிக்கருகே போனதும் செல்பி எடுக்கிறோம். நானும்தான் எடுத்தேன்.

தோண்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. நாம் விட்டுவைத்தால் சரளைக்கு வெட்டுகிறவன் விட்டுவைக்கமாட்டான். ஆனால் கேட்காமல் திறந்தவனுக்கு ஒரு கடன் இருக்கிறது. 2004-05-இல் அங்கே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. முழு அறிக்கைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். தோண்டிவிட்டு எழுதாமலிருப்பதற்கும் புதையல் எடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

எடின்பரோ பல்கலைக்கழகம் 2019-இல் ஒன்பது மண்டையோடுகளை இலங்கையின் வேடர் பழங்குடியினரிடம் திருப்பிக் கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவர்கள் தலைவரே போனார். தாமிரபரணிக் கரையில் கிடப்பவர்களுக்காக யார் போவது? பழமை பேசும்போது மட்டும் அவர்கள் நம் பாட்டன், பூட்டன். எலும்பு அட்டைப்பெட்டிக்குள் போனபின் வெறும் எண்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பட்டத்தைக் காட்சிக்கு வைக்கிறவர்கள், அது எந்தத் தாழியில், யார் எலும்போடு, எந்தப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது என்று தெரிந்தவரை எழுதி வைக்கட்டும். 'தங்கம், இரும்புக்காலம்' என்ற சீட்டு நகைக்கடைக்குப் போதும்.

அத்தை கடைசிவரை கண்ணாடியில் கால் வைக்கவில்லை. ஓரத்தில் குனிந்து ஒரே தாழியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இதற்குள் ஒருவர்தானா?"